மேல் தட்டில் 61, கீழ் தட்டில் 74: பெரிய சுருட்டு அலமாரியில் ஈரம் ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீடு. ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் தேக்கு அலமாரி செய்து, உள்ளே ஸ்பானிஷ் சீடர் பலகை அடித்து, சுமார் 800 சுருட்டுகள் வைத்திருக்கிறேன். அடித்தட்டில் காற்றில் ஈரம் சேர்க்கும் மின்சார ஹியூமிடிஃபையர் இருக்கிறது, 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கிறேன். அதன் சென்சார் மேல் தட்டில். ஆனால் மேலே ஈரப்பத மீட்டர் 61 காட்டுகிறது, கீழே 74. காலையில் ஓர் எண், மாலையில் வேறு எண். ஏசி இரவில் மட்டும் ஓடும். போன வாரம் அடித்தட்டில் ஒரு பெட்டிக்குள் வெள்ளையாகப் பூத்திருந்தது. மேல் தட்டுக்கு இன்னொரு ஹியூமிடிஃபையர் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் அலமாரியில் தண்ணீர் குறைவாக இல்லை. தேவைக்கு மேலேயே இருக்கிறது. அது ஓரிடத்தில் தேங்கி நிற்பதும், வெப்பம் ஏறி இறங்குவதும்தான் பிரச்சினை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உங்கள் அலமாரியின் கொள்ளளவு ஏறக்குறைய முக்கால் கன மீட்டர். 25 டிகிரியில், 70 சதவீத ஈரப்பதத்தில், அந்தக் காற்று முழுவதிலும் இருக்கும் தண்ணீர் 12, 13 கிராம்தான். ஒரு மேசைக்கரண்டி கூட நிறையாது. இப்போது இலையைப் பாருங்கள். ஒரு சுருட்டு சராசரியாக 12 கிராம் என்று வைத்தால் 800 சுருட்டு ஒன்பதரைக் கிலோ. நல்ல பதத்தில் இருக்கும் இலையின் எடையில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் தண்ணீர். அதாவது ஒரு லிட்டருக்கு மேல். சீடர் பலகை பிடித்து வைத்திருப்பது இதில் சேரவில்லை.

ஆக, ஈரத்தைத் தாங்கி நிற்பது இலையும் மரமும்தான். கருவி அல்ல. மழைக்காலத்தில் டப்பாவை மூடாமல் விட்டால் முறுக்கு நமுத்துப் போகிறதே, அதே குணம்தான் புகையிலைக்கும். சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை வாங்கும், கொடுக்கும். என்ன, முறுக்கைப் போல அவசரப்படாது. மெதுவாகத்தான் செய்யும். அந்த மெதுவை நாம் மதிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரவில் ஏசி, அறை 24 டிகிரி. பகலில் மூடிய அறை 32 டிகிரி வரை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரியில் 70 சதவீதமாக இருந்த காற்றை அப்படியே 32-க்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகாமலேயே, மீட்டர் 45-க்கு அருகே இறங்கும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், அதனால் அதே நீராவி குறைந்த சதவீதமாகத் தெரிகிறது. இலை இதைச் சமாளிக்கும். சில கிராம் ஈரத்தை வெளியே விட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். உங்கள் ஹியூமிடிஃபையர் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. சென்சாரில் எண் இறங்கியதும் ஓடத் தொடங்கித் தண்ணீரை ஊற்றுகிறது. இரவில் ஏசி போட்டு அலமாரி குளிர்ந்ததும், பகலில் சேர்ந்த அந்த உபரி ஈரம் போக இடமில்லாமல் அடித்தட்டு இலைக்குள் இறங்குகிறது. மறுநாள் மீண்டும் இதே கதை.

மேலுக்கும் கீழுக்கும் 13 புள்ளி வித்தியாசம் ஏன்? ஈரக் காற்று கனமானது, அதனால் கீழே இறங்குகிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. ஒரே வெப்பத்தில் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. உங்கள் கருவியிலிருந்து வரும் காற்று கீழே தங்குவதற்குக் காரணம் அதன் குளிர்ச்சி. பானைத் தண்ணீர் குளிர்வது போல, தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று அடியில் படுத்துவிடுகிறது. அதோடு 70 சதவீத வட்டாரத்தில் ஒரு டிகிரி குறைந்தாலே ஈரப்பதம் ஏறத்தாழ 4 புள்ளி கூடும். மேல் தட்டும் கீழ் தட்டும் 2 டிகிரி வேறுபட்டால் கணக்கு எங்கே போகிறது பாருங்கள். கருவி கீழே, சென்சார் மேலே, நடுவில் காற்று நகர வழியில்லை. மேலே 70 வரும்வரை அது கீழ்த்தட்டைக் குளிப்பாட்டிக்கொண்டே இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் மாற்றுவதற்கு முன் மீட்டர்களைச் சோதியுங்கள். கடையில் வாங்கும் டிஜிட்டல் மீட்டரில் இரண்டு மூன்று புள்ளி பிழை சாதாரணம். முள் வைத்த வட்ட மீட்டர் என்றால் அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஈர மணல் போலக் குழையுங்கள். கரைந்து ஓடக் கூடாது, உப்புக் கல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதையும் மீட்டர்களையும் ஒரே ஜிப்லாக் பையில் வைத்து, காற்றோடு மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஈர உப்பின் மேலுள்ள காற்று, நம் வீட்டு வெப்பத்தில், 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மறுநாள் பையைத் திறக்காமலேயே எண்ணைப் படியுங்கள். ஒரு மீட்டர் 72 காட்டினால் அதன் முதுகில் "+3" என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள். உங்கள் 61, 74 இரண்டில் எவ்வளவு நிஜம் என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்து கதவு. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். கோடு கோடாக வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஈரமும் கசியும். கண்ணாடி சட்டத்தில் சேரும் மூலைகளையும் கீலுள்ள பக்கத்தையும் முக்கியமாகப் பாருங்கள். ரப்பர் பட்டை ஒட்டினால் போதும். சிலிக்கான் பூசுவதாக இருந்தால் புளித்த காடி வாடை முழுவதும் போகும்வரை சுருட்டுகளை வேறு இடத்தில் வையுங்கள். இலை எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சாம்பிராணி, கற்பூரம், பாச்சை உருண்டை எதுவும் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது.

இப்போது முக்கியமான மாற்றம்: காற்றோட்டம். கம்ப்யூட்டருக்குள் வைக்கும் 12 வோல்ட் மின்விசிறி இரண்டு வாங்கி, 5 வோல்ட் சார்ஜரில் மெதுவாக ஓட விடுங்கள். அந்தக் குறைந்த வோல்டில் சில விசிறி சுழலாது, வாங்கும்போதே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒன்றை அடித்தட்டின் பின்மூலையில், மேல்நோக்கிக் காற்றைத் தள்ளும்படி வையுங்கள். இன்னொன்று மேல் தட்டில், முன்பக்கம் கீழ்நோக்கி. சுருட்டின் மேல் காற்று நேராக அடிக்கக் கூடாது, மேலிலை வெடிக்கும். பின்பலகைக்கும் பெட்டிகளுக்கும் இடையே இரண்டு விரல் அகலம் விடுங்கள். தட்டுகள் முழுப் பலகையாக இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு அவற்றைச் சட்டம் சட்டமாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு முழுப் பலகை காற்றைத் தடுத்துவிட்டால் எத்தனை விசிறி வைத்தும் பயனில்லை.

மூன்றாவது, வெப்பம். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் கோட்டை விடுகிறோம். அலமாரி மேற்குச் சுவரை ஒட்டி இருந்தால் நகர்த்துங்கள். ஏசி காற்று கண்ணாடியில் நேராக அடித்தாலும் நகர்த்துங்கள். 24 டிகிரியில் 70 சதவீத ஈரம் உள்ள காற்று, சுமார் 18 டிகிரிக் கண்ணாடியைத் தொட்டாலே வேர்க்கத் தொடங்கும். இரவில் 22, பகலில் 32 என்று இருப்பதைவிட, நாள் முழுக்க 26-இல் நிற்பது ஈரப்பதத்துக்கு எவ்வளவோ மேல். ஆனால் புகையிலை வண்டு என்று ஒன்று இருக்கிறது. 24, 25 டிகிரியைத் தாண்டினால் அதன் முட்டை பொரியும் வாய்ப்புக் கூடும். அதனால் முடிந்தால் அந்த அறையை 23, 24-இல் நிலையாக வையுங்கள். முடியாவிட்டால், புதிதாக வரும் சுருட்டுகளை இரட்டை ஜிப்லாக் பையில் போட்டு ஃப்ரீசரில் நாலைந்து நாள், பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு நாள், கடைசியில் பையைத் திறக்காமல் வெளியே ஒரு நாள் வைத்த பிறகே அலமாரிக்குள் சேருங்கள். அவசரப்பட்டுப் பையைத் திறந்தால் குளிர்ந்த இலையில் தண்ணீர் பூத்துவிடும்.

கதவைத் திறக்கும் நேரமும் முக்கியம். ஜன்னல் திறந்திருக்கும் சென்னைப் பகலில், 30 டிகிரி, 75 சதவீதக் காற்றில், கன மீட்டருக்கு 22 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். 24 டிகிரிக் காற்றால் தாங்க முடிந்ததே அதற்குச் சற்றுக் குறைவுதான். அந்தக் காற்று உள்ளே போய்க் குளிர்ந்தால் மிச்ச ஈரம் இலையில்தான் இறங்கும். ஏசி ஓடி ஒரு மணி நேரம் ஆன பிறகு மட்டும் திறவுங்கள்.

இனி ஹியூமிடிஃபையர். 70 என்ற அளவு 21 டிகிரி வெப்பத்துக்கு என்று அந்தக் காலத்தில் சொல்லி வைத்தது. நம் வெப்பத்துக்கு 65 போதும். பூஞ்சைக்கும் நமக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும், சுருட்டும் நன்றாக எரியும். என் பரிந்துரை, போவேடா போன்ற இருவழிப் பைகள். உள்ளே செறிவான உப்புக் கரைசல். காற்று உலர்ந்தால் ஈரம் கொடுக்கும், அதிகமானால் வாங்கிக்கொள்ளும். உங்கள் கருவிக்கு வாங்கத் தெரியாது, கொடுக்க மட்டும்தான் தெரியும். கணக்கு, 25 சுருட்டு கொள்ளும் இடத்துக்கு 60 கிராம் பை ஒன்று. 800 சுருட்டுக்கு என்றால் 32 பை வரும். செலவுதான், ஆனால் எல்லாத் தட்டுகளிலும் பரவலாக வைத்தால் மேல் கீழ் வித்தியாசத்துக்கும் அதுவே மருந்து. எல்லாம் 65 சதவீதப் பைகளாகவே இருக்கட்டும். 65-ஐயும் 69-ஐயும் கலந்தால் ஒன்று கொடுப்பதை இன்னொன்று விழுங்கிக்கொண்டே இருக்கும்.

கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். 62-இல் வையுங்கள், சென்சாரை நடுத்தட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஈரம் நிஜமாகவே குறைந்தால் மட்டும் அது எழுந்து வேலை செய்யட்டும். மின்சாரம் போய் வந்ததும் சில கருவிகள் தானாகப் பழைய 70-க்குத் திரும்பிவிடும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராகவே இருக்கட்டும். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் உண்டு, ஆவியாகும் பஞ்சில் வெள்ளையாகப் படியும். பேட்டரிக் கடையில் வாங்கினால் லேபிளை இரண்டு முறை படியுங்கள். பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும்.

அந்த வெள்ளைப் பூப்புக்கு வருகிறேன். நல்ல சுருட்டின் எண்ணெய்ப் பசை மேலே வந்து பூப்பது, தரத்தின் அடையாளம் என்று சிலர் சொல்லக்கூடும். உங்கள் விஷயத்தில் அதை நம்ப வேண்டாம். 74 சதவீதத்தில், ஒரே பெட்டியில், பஞ்சு போல வந்திருந்தால் அது பூஞ்சைதான். அந்தப் பெட்டியை இன்றே வெளியே எடுங்கள். மேலிலையில் மட்டும் லேசாக இருக்கும் சுருட்டுகளை வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் துடைத்து, தனி டப்பாவில் ஒரு மாதம் கவனியுங்கள். பற்றவைக்கும் நுனியில், வெட்டுவாயில் பூத்திருந்தால் உள்ளேயும் போயிருக்கும். தூக்கி எறிந்துவிடுங்கள். பச்சை, நீலம் தெரிந்தாலும் அப்படியே. அட்டைப் பெட்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அந்தத் தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வாடை போகும்வரை ஆறவிட்டு மாட்டுங்கள்.

இவ்வளவும் ஒரே நாளில் செய்துவிட்டு மறுநாள் காலை 65 வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் முதன்முதலில் ஒரு பெரிய அலமாரியைக் கவனித்துக்கொண்ட காலத்தில், மீட்டர் இரண்டு புள்ளி நகர்ந்தால் நானும் ஒரு பொத்தானை அழுத்துவேன். ஒரு மாதம் அது அலைந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு நோட்டுப் போட்டு, காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் எண்ணை எழுத மட்டும் செய்தேன். கை வைக்கவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு தட்டும் இரண்டு புள்ளி வித்தியாசத்துக்குள் வந்தன. உங்களுக்கும் அதே மூன்று, நான்கு வாரம் ஆகும். கீழ்த்தட்டு இலை உபரி ஈரத்தை விட்டு, மேல்தட்டு இலை அதை வாங்க வேண்டும். மேல்தட்டில் காய்ந்துபோன சுருட்டுகளைக் கீழே இறக்கி அவசரமாக நனைக்காதீர்கள். உள்ளும் வெளியும் சீராக ஊதாவிட்டால், மேலிலை கீறிவிடும்.

நாலாவது வாரம் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மெல்ல அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கி, விட்டதும் திரும்பி வர வேண்டும். நொறுங்கும் சத்தம் கேட்டால் இன்னும் உலர்வு. அமுங்கியது அப்படியே நின்றால் இன்னும் ஈரம். மார்கழிப் புயலில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போனால், விசிறிகள் நின்றுவிட்டனவே என்று பதறிக் கதவைத் திறக்காதீர்கள். அந்த ஒரு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் இலைக்குள்தான் இருக்கிறது.