வாசகர் கேள்வி: மால்டாவில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: என் தங்கையின் மகன் மால்டாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறான். உலகப்படத்தில் தேடினால் சிசிலிக்குக் கீழே ஒரு புள்ளிதான் தெரிகிறது. அந்தப் புள்ளிக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டார் திரண்டு போவதற்கு என்ன இருக்கிறது? கடல் என்றால், பாசிக்குடாவில் இல்லாத கடலா?
(வாசகி, கல்லடி)

பதில்: கடலை மட்டும் வைத்து ஒப்பிட்டால் நீங்கள்தான் வெல்வீர்கள், அம்மா. பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து போகலாம். மால்டாவின் கரையோ பெரும்பாலும் பாறை, பல இடங்களில் பாறையில் பொருத்திய இரும்பு ஏணியைப் பிடித்துத்தான் நீருக்குள் இறங்குகிறார்கள். மால்டா, கோசோ, கொமினோ என்ற தீவுகளைச் சேர்த்தாலும் நாட்டின் பரப்பு 316 சதுர கிலோமீற்றர்தான். நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அங்கே 2019ஆம் ஆண்டில் 27 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டார் போயிருக்கிறார்கள். வெயிலும், எங்கும் ஆங்கிலம் செல்லுபடியாவதும் காரணங்கள்தாம். எனினும் அவர்களை இழுப்பது அந்நாட்டின் துறைமுகமும், அதற்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் விட்டுச்சென்ற கல்லும் என்பதே என் கணிப்பு.

மத்தியதரைக் கடலின் நடுவே அமைந்த அந்த ஆழமான இயற்கைத் துறைமுகம் எவர் கையில் இருக்கிறதோ, அவரே கிழக்கு மேற்குக் கடல்வழியைக் காவல் செய்ய முடியும் என்பதால், பீனிசியர், உரோமர், அரபியர், நோர்மன்கள் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1530இல், சிசிலியையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ், ரோட்ஸ் தீவை உதுமானியத் துருக்கியரிடம் இழந்து இடமின்றி அலைந்த புனித யோவான் வீரர் சபை என்ற கத்தோலிக்கப் போர்வீரத் துறவியர் அமைப்புக்கு இத்தீவுகளைக் கொடுத்தார். ஆண்டுக்குக் குத்தகை ஒரே ஒரு வல்லூறு. (நமது வயல் குத்தகைக்காரர்கள் பெருமூச்சு விடட்டும்.) 1565இல் உதுமானியப் பெரும்படை ஏறத்தாழ நான்கு மாதம் முற்றுகையிட்டும் தீவு பணியவில்லை. மறு ஆண்டு, அந்த முற்றுகையை எதிர்த்து நின்ற சபைத் தலைவர் லா வலெத் அடிக்கல் நாட்டிய நகரம்தான் தலைநகர் வலெட்டா.

ஒரு சதுர கிலோமீற்றரும் தேறாத அந்நகரில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகச் சரிந்து இறங்க, அவற்றின் முனையில் கடல் தெரியும். தேன்நிறச் சுண்ணக்கல் சுவர்களில் பச்சை, சிவப்பு வண்ணம் பூசிய மர மாடங்கள் பெட்டி பெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். புனித யோவான் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜோ 1608இல் தீட்டிய யோவான் சிரச்சேத ஓவியம் இருக்கிறது. தரையில் வழிந்த இரத்தத்திலேயே ஓவியர் தமது பெயரை எழுதியிருக்கிறார்.

போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்து, பின்னர் பிரித்தானியருக்குக் கைமாறிய புளியந்தீவுக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை பழகியதே. மால்டாவை 1798இல் நெப்போலியன் பிடித்தார். 1800இல் பிரித்தானியர் வந்தார்கள். 1964இல் நாடு சுதந்திரம் பெற்றது. இடையில் நமக்கும் அவர்களுக்கும் ஓர் ஒற்றுமை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. ஆறு நாட்கள் கழித்து, ஜேர்மன், இத்தாலியக் குண்டுவீச்சைத் தாங்கி நின்ற மால்டாவுக்கு பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜோர்ஜ், வீரத்துக்கான ஜோர்ஜ் சிலுவைப் பதக்கத்தை வழங்கினார். அந்நாட்டுக் கொடியின் மூலையில் இன்றும் இருப்பது அதுதான். இங்கே ஹேர்மஸைக் காணச் சுழியோடிகள் வருவதுபோல, அதே ஆண்டு பெப்ரவரியில் மூழ்கிய மாவோரி என்ற போர்க்கப்பலைக் காண வலெட்டாவிலும் கடலில் இறங்குகிறார்கள்.

கேள்வி: மால்டா மொழியில் அரபுச் சொற்கள் கலந்திருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
(வாசகர், சம்மாந்துறை)

பதில்: கலந்திருப்பது இத்தாலியம், அடிமரமே அரபு. சிசிலியில் வழங்கிய அரபிலிருந்து பிறந்து, இலத்தீன் எழுத்தில் எழுதப்படும் அம்மொழி, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே மொழி. ரொட்டி ‘ஹொப்ஸ்’, சூரியன் ‘ஷெம்ஷ்’, வீடு ‘தார்’. மதரசாவில் ஓதிய பிள்ளைக்கு மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை. மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஆனாலும் இறைவனை ‘அல்லா’ என்றே அழைக்கிறார்கள், தவக்காலத்துக்குப் பெயர் ‘ரண்டான்’. மார்சஷ்லொக் என்ற மீனவர் ஊரின் பெயரில் உள்ள ‘மார்சா’வும் துறைமுகத்தைக் குறிக்கும் அரபுச் சொல்தான். அங்கே நீலம், மஞ்சள், சிவப்பு எனப் பட்டை பட்டையாகத் தீட்டிய படகுகளின் முகப்பில் இரண்டு கண்கள் வரையப்பட்டிருக்கும். அவை கடலில் தீங்கு அணுகாமல் காக்கும் என்பது மீனவரின் நம்பிக்கை.

கேள்வி: மூன்று நாள் மட்டும் தங்க வாய்த்தால் எதைப் பார்ப்பது?
(வாசகர், கல்முனை)

பதில்: மால்டாவுக்குள் நுழையத் தேவையான ஷெங்கன் (ஐரோப்பியப் பொது) விசா கிடைத்த கையோடு ஹல் சஃப்லியெனி நிலத்தடி ஆலயத்துக்கு நுழைவுச்சீட்டு எடுத்துவிடுங்கள். பாறையைக் குடைந்து அமைத்த அக்கல்லறைக் கூடம், 1902இல் வீடு கட்டுவோர் தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டது. மூச்சுக்காற்றின் ஈரமே கல்லைக் கெடுக்கும் என்பதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை. மற்றொரு நாளைக் கோசோவுக்கு ஒதுக்குங்கள்: அங்குள்ள ஜிகாந்தியா கோயில்கள் எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையவை. யூலை, ஓகஸ்ட் மாதங்களைத் தவிர்த்தல் நலம். பழைய படங்களில் கோசோவின் கடலோரத்தில் பாறை வளைவொன்று நீல வாசலைப்போல நிற்கும். அது 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் விழுந்துவிட்டது. அதைக் காட்டுவதாகச் சொல்லும் முகவரிடம் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.