சார்ஜர் மேல் பழி போடுமுன்: வாசகர் கேள்வி பதில்

மின்சாரக் காரோடு கொடுத்த 15 ஆம்பியர் சார்ஜரை, பாத்ரூம் ஹீட்டருக்காகப் போட்டிருந்த பாயின்டில் செருகிச் சார்ஜ் ஏற்றுகிறோம். மூன்று மாதம் நன்றாக ஓடியது. இப்போது பிளக்கில் கை வைக்க முடியவில்லை, கருகல் வாடையும் வருகிறது. ஹீட்டர் ஓடியபோது இப்படிச் சுட்டதே இல்லை. சார்ஜர் பழுதா? (வாசகி, திருப்பூர்)

சார்ஜர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். தளர்ந்திருப்பது சாக்கெட். வாடை வந்துவிட்டதால் அந்தப் பாயின்டில் இன்று இரவுகூடச் சார்ஜ் போடாதீர்கள்.

2 கிலோவாட் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் இழுத்துக் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் அப்படியல்ல, 15 ஆம்பியரை எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்வும் பித்தளைப் பட்டை கொஞ்சம் தளர்ந்து 0.1 ஓம் தடை உண்டானாலே, அந்த ஓரிடத்தில் 22 வாட்டுக்கு மேல் சூடு கிளம்பும். ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! சூடு ஏற ஏறப் பட்டையின் விறைப்பு போகும், பிடி இன்னும் தளரும், சூடு மேலும் கூடும். எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச்) இதைக் கண்டுகொள்ளாது. ஓடுகிற கரன்ட் சரியான அளவுதானே, அது எதற்கு விழப்போகிறது?

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு எலெக்ட்ரீஷியன் சாக்கெட்டைக் கழற்றட்டும். வயர் நுனியில் பிளாஸ்டிக் உருகியோ செம்பு கறுத்தோ இருந்தால், நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புது 16 ஆம்பியர் சாக்கெட் போடுங்கள். பழையதை நெருக்கி மறுபடி மாட்டினால் சில வாரம்கூடத் தாங்காது. பல இழை வயர் என்றால் நுனியில் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனை) போட்டுத் திருகை இறுக்கி, ஒரு மாதம் கழித்து இன்னொருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். டி.பி. பாக்ஸிலிருந்து (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரைத் தனியாக இழுத்து 20 ஆம்பியர் எம்.சி.பி. வைப்பதுதான் நிரந்தர வழி. அந்த லைனில் வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

சார்ஜர் பிளக்கின் பின்னையும் பாருங்கள். கறுத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். சர்வீஸ் சென்டரில் மாற்றித்தான் வாங்க வேண்டும். கறுத்த பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால் புதுசும் கெடும்.

இனி மாதம் ஒருமுறை, சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள். கார் மெனுவில் கரன்ட்டைக் குறைக்கும் வசதி இருந்தால் 10 ஆம்பியரில் வையுங்கள். நேரம் கூடும், ஆனால் பிளக்கில் கிளம்பும் சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

பழைய வீடு. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது, எர்த் இல்லை என்று காட்டுகிறது. சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா? (வாசகர், கும்பகோணம்)

கூடவே கூடாது. சிவப்பு விளக்கு அணையும் என்பது உண்மைதான். ஆனால் என்றாவது நியூட்ரல் எங்காவது அறுந்தால், ஃபேஸ் அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் பாடிக்கு வந்துவிடும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுபவர் குழந்தையாகவும் இருக்கலாம். சார்ஜர் உங்களைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது.

மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசி அளவு பத்து இருபது என்று ஏறினால் எர்த் வயர் விட்டிருக்கும், இல்லையென்றால் நியூட்ரல் எங்கோ லூஸாக இருக்கும். அளவு சரியாக வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். மெல்லிய துருப்பிடித்த இணைப்பிலும் மல்டிமீட்டர் 230 காட்டும், ஏனென்றால் அது இழுக்கும் கரன்ட் மிகச் சொற்பம். எர்த் டெஸ்டர் என்ற தனி மீட்டர் வைத்து எர்த்தின் தடையை அளந்தால்தான் உண்மை தெரியும். 5 ஓமுக்குக் கீழே இருக்கட்டும்.

பழைய வீடுகளில் எர்த் குழியில் குழாயோடு வயர் சேரும் கிளாம்ப்தான் முதலில் துருப்பிடிக்கும். அதை மாற்றி, குழிக்குத் தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். கோடையில் மண் காய்ந்தால் தடை ஏறும். அப்படியும் இறங்காவிட்டால் புதுக் குழிதான். கூடவே சாக்கெட்டில் ஃபேஸ் வலப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் மாறியிருந்தாலும் சில சார்ஜர்கள் எர்த் கோளாறு என்றே காட்டும்.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வைத்திருக்கிறோம். மழை பெய்தால் ட்ரிப் ஆகிறது. சில நாள் மழையில்லாமலும் ஒரு மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது. (வாசகர், நாகர்கோவில்)

இவை இரண்டு வேறு கோளாறுகள். எது விழுகிறது என்று பாருங்கள். டெஸ்ட் பட்டன் உள்ளது ஆர்.சி.சி.பி., அது விழுந்தால் கரன்ட் கசிகிறது என்று பொருள். கன்னை (சார்ஜர் கேபிளில் காருக்குள் செருகும் முனை) காரிலிருந்து எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் விழுந்தால் ஈரம் சார்ஜர் பெட்டியிலோ வயரிங்கிலோ இருக்கிறது. வயர் மேலிருந்து பெட்டிக்குள் நுழைந்தால் மழைநீர் அதோடு வழிந்து உள்ளே இறங்கும். கீழ்ப்பக்கம் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுகி நீரைத் தடுக்கும் வளையம்) வழியாக நுழைத்து, அதற்கு முன் ஒரு வளைவு தொங்கவிட வேண்டும். கன்னை மாட்டும்போது மட்டும் விழுந்தால் கன்னிலோ காரின் சாக்கெட்டிலோ ஈரம் இருக்கலாம். மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள், கிரீஸோ ஸ்பிரேயோ போடாதீர்கள். காய்ந்த பிறகும் விழுந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர், ஏ டைப்பாக இருக்க வேண்டும். முகப்பில் ஒரே ஒரு அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏ.சி. டைப், மாற்றுங்கள். கசிவு டி.சி.யாக வந்தால் அது உணராமல் போகலாம். சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டு நிறுத்தும் அமைப்பு இல்லையென்றால் ஏ டைப்பும் போதாது, பி டைப் வேண்டும்.

ஒரு மணி நேரம் ஓடி நிற்பது எம்.சி.பி.யாக இருந்தால், அது 32 ஆம்பியராக இருக்கும். 32 ஆம்பியரை விடாமல் இழுக்கும் லைனுக்கு அது காணாது, மூடிய பெட்டியின் வெக்கையிலேயே விழும். 40 ஆம்பியர் போடுங்கள். ஆனால் வயர் 6 ஸ்கொயர் எம்.எம்.மாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். வயர் சிறியதாக இருக்க எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், எம்.சி.பி. விழுவதற்கு முன் வயர் எரியும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சார்ஜ் நின்று நின்று ஏறுகிறது. (வாசகி, தருமபுரி)

வோல்டேஜ் குறைகிறது. சார்ஜ் போடும் முன்னும் ஏறும்போதும் சாக்கெட்டில் அளந்து பாருங்கள். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர் போயிருந்தால், 15 ஆம்பியரில் வயரிலேயே சுமார் 11 வோல்ட் போய்விடும். அந்த வயர் இந்தச் சுமைக்கு ஆகவே ஆகாது. 4 ஸ்கொயர் எம்.எம். என்றால் நான்கு வோல்ட்தான். மீட்டர் போர்டிலேயே குறைவாக இருந்தால் கோளாறு தெரு லைனில். அளவைக் குறித்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அதுவரை இரவு 11 மணிக்கு மேல் டைமர் வையுங்கள்.

பவர்கட் நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் காரை சார்ஜ் செய்யலாமா? (வாசகர், சிவகாசி)

வேண்டாம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் 3 கிலோவாட்டைத் தாங்காது. தாங்கினாலும், பேட்டரியில் ஓடும்போது பல இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு தொடர்பில்லாமல் மிதக்கும், சார்ஜர் எர்த் இல்லை என்று நின்றுவிடும். கார் பாயின்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள்.