வீட்டை ஐந்தோவனிலேயே பாருங்கள்

தம்பி, நெதர்லாந்தில் ஐந்தோவனை ஒட்டிய வெல்டோவனில் வேலை கிடைத்திருக்கிறது, ஐந்தோவன் பார்க்க ஒன்றுமில்லாத ஊர் என்கிறார்கள், ஆம்ஸ்டர்டாமில் வீடெடுத்து ரயிலில் போய்வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ரயிலே ஒரு மணி இருபது நிமிஷம், வெல்டோவனுக்கு ரயில் நிலையமும் கிடையாது, ஐந்தோவனில் இறங்கி பஸ்ஸோ சைக்கிளோதான். குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவீர்கள். முதல் வருஷம் வேறொரு ஊரிலிருந்து நான் அப்படி அலைந்தேன். பக்கத்து வீட்டு முகம்கூடப் பழகாமலே அந்த வருஷம் போய்விட்டது.

ஆம்ஸ்டர்டாம் மாதிரி பழைய கால்வாய் வீடுகள் ஐந்தோவனில் இல்லை என்பது உண்மைதான். 1900 வாக்கில் இது சுருட்டும் துணியும் செய்துகொண்டிருந்த, ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 1891இல் ஃபிலிப்ஸ் இங்கே பல்பு செய்யத் தொடங்கியது, வேலைக்கு ஆள் குவிந்தது, 1920இல் சுற்றியிருந்த வூன்செல், ஸ்ட்ரைப், கெஸ்டல், ஸ்ட்ராட்டும், டோங்கல்ரே என்ற ஐந்து ஊர்களையும் இதோடு சேர்த்துவிட்டார்கள். இன்றும் ஆட்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தங்கள் பகுதியைச் சொல்வார்கள். அப்புறம் போர், ஊர் ஜெர்மானியர் பிடியில். 1942 டிசம்பர் 6இல் ஃபிலிப்ஸ் ஆலைகளைக் குறிவைத்து பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டில் ஊர்மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1944 செப்டம்பர் 18இல் விடுதலை, மறுநாள் இரவே ஜெர்மானியர் குண்டு. நடுவூர் புதிதாகத் தெரிவது அதனால்தான்.

சம்பாத்தியக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிலிப்ஸ் 1990இல் ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பைத் தொடங்கியது, 1993இல் லாரி செய்யும் டாஃப் திவாலானது, ஃபிலிப்ஸ் தலைமையகமும் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விட்டது. அந்த வருஷங்களைப் பற்றி எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். ஊரைத் தூக்கி நிறுத்தியதில் பெரிய பங்கு, ஃபிலிப்ஸ் கூட்டாளியாக இருந்து 1984இல் தொடங்கிய ஏஎஸ்எம்எல்லுக்கு, சிப் அச்சிடும் இயந்திரம் செய்கிறதே, அதற்கு. ஃபிலிப்ஸின் பழைய ஆராய்ச்சி வளாகத்தில் இப்போது எத்தனையோ கம்பெனிகள். இந்த வேலைகளுக்காக உலகம் முழுக்க இருந்து ஆள் வருவதால் வீட்டுக்கு அடிபிடி. ஒரே தொழிலை நம்பினால் என்ன ஆகும் என்று இந்த ஊர் ஒருமுறை பார்த்திருக்கிறது, அதனால் சொல்கிறேன், முதல் வருஷத்திலேயே டச்சு வகுப்பில் சேருங்கள், வேலை மாற நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.

வீட்டுக்கு முதலில் ஐந்தோவனின் மேர்ஹோவன் பகுதியைப் பாருங்கள். வெல்டோவனை ஒட்டியது, நம் நாட்டுக் குடும்பங்கள் நிறைய. வாடகை கட்டுப்படியாகாவிட்டால் ரயில் பாதைக்கு வடக்கே வூன்செல், பெரிய பகுதி, சைக்கிளில் நேரம் கூடும், ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். தற்காலிக வீடு என்றாலும் அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்யலாமா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நிரந்தரமாகக் குடிவருகிறவருக்கு முகவரி இல்லாமல் பதிவு நடக்காது, அந்தப் பதிவில்தான் பிஎஸ்என் என்ற அரசு அடையாள எண் வரும், சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கின்றன.

செப்டம்பரில் வருகிறீர்கள் என்றால் 18ஆம் தேதி மாலை நகராட்சிச் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். விடுதலைத் தீபம் ஏற்றுவார்கள், அன்றிரவு முதல் தெருத்தெருவாக விளக்கு அலங்காரம். கடையில் கிளம்பும்போது "ஹௌடூ" என்பார்கள், இந்தப் பக்கத்துப் போய்வருகிறேன் அது, நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள்.