ஃபாஸ்ட்ஃபுட் பர்கரில் வைப்பது நிஜமான சீஸா, வெறும் பிராசஸ்டு சீஸா?

பெரிய பர்கர் கடைகளில் பன்னுக்குள் வைக்கும் அந்த மஞ்சள் துண்டு நிஜமான சீஸா, வெறும் பிராசஸ்டு சீஸா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பர்கர் கேட்டு அடம்பிடிக்கும், சீஸ் துண்டை லைட்டர் நெருப்பில் காட்டிப் பிளாஸ்டிக் என்கிற அந்த லைட்டர் வீடியோவை நீங்களும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் கடைக்கு வரும் பெற்றோர்கள் பாதிப்பேர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கடைகளின் சாதாரண சீஸ் பர்கரில் இருப்பது பிராசஸ்டு சீஸ். அந்தப் பிராசஸ்டு சீஸ் செய்யப்படுவது நிஜமான சீஸில் இருந்து. அதனால் "இதுவா அதுவா" என்று பிரித்துக் கேட்பதில் பயன் இல்லை. நீங்கள் உஷாராக இருக்க வேண்டிய சரக்கு வேறொன்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

"வெறும் பிராசஸ்டு" என்கிறீர்களே, அந்த "வெறும்" தான் என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறது. நான் பால்வளத் தொழில்நுட்பம் படித்தவன். ஈரோட்டில் பர்கர் கடை போடுவதற்கு முன்னால் மகாராஷ்டிராவில் ஒரு சீஸ் ஆலையில் பிராசஸிங் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தேன். "பிளாஸ்டிக் சீஸ்" என்று யாராவது சொன்னால் அங்கே என்னோடு இரவு ஷிஃப்டில் நின்றவர்களின் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அங்கே நடப்பது இதுதான். குளிர் அறையில் முதிர வைத்த செடார் என்ற வகைச் சீஸ் கட்டிகள் வரும். சில கட்டிகள் இளசு, சில பல மாதம் முதிர்ந்தவை. இளசை மட்டும் போட்டால் துண்டு நன்றாக வளையும், ருசி இருக்காது. முதிர்ந்ததை மட்டும் போட்டால் ருசி தூக்கும், துண்டு எடுக்கும்போதே உடையும். அன்றைக்கு எந்தக் கட்டி எவ்வளவு என்பதற்கு லேப் ரிப்போர்ட் இருந்தாலும், எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒவ்வொரு கட்டியிலும் குழாய் மாதிரியான கத்தியைச் செருகி, ஒரு குச்சி அளவு சீஸை எடுத்து, விரலால் நசுக்கி, மோந்து, வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். கசப்பு லேசாகத் தட்டினாலும் அந்தக் கட்டி ஒதுங்கிவிடும். மராத்திக்காரர், பெரிய படிப்பு இல்லை. அவர் நாக்கை எந்த மெஷினும் தோற்கடித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் அரைத்த சீஸ், கொஞ்சம் வெண்ணெய், தண்ணீர், உப்பு, சீஸைப் பிரியாமல் உருக்க உதவும் சோடியம் சிட்ரேட் என்ற உப்பு எல்லாம் நீராவிக் குக்கருக்குள் போகும். சூடு 80 டிகிரியைத் தாண்டும். முதலில் பார்க்கவே சகிக்காது, கட்டியும் முட்டியுமாக, மேலே எண்ணெய் மினுங்கும். கொஞ்ச நேரத்தில் சிட்ரேட் வேலை செய்ய ஆரம்பித்ததும் எல்லாம் கூடிவந்து பளபளவென்று ஒரே குழம்பாகிவிடும். அதைச் சூடாகவே பிளாஸ்டிக் உறைக்குள் ஊற்றி, உருளைகளுக்கு இடையில் தட்டையாக்கி, ஒட்டி, குளிர்ந்த நீரில் இறக்குவார்கள். நீங்கள் பிரிக்கும் ஒற்றை ஸ்லைஸ் அதுதான். மறைக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

சிட்ரேட் எதற்கு என்று கேட்டால், வீட்டில் நல்ல முதிர்ந்த செடார் கிடைத்தால் துருவித் தோசைக்கல்லில் போட்டுப் பாருங்கள். நெய் பிரிந்து ஓடும், நடுவில் விறைத்த கட்டி ஒன்று மிஞ்சும். சீஸில் உள்ள கேசீன் புரதத்தைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. சூட்டில் அந்தப் புரதம் இறுகும்போது கொழுப்பு வெளியே வந்துவிடுகிறது. சிட்ரேட் அந்தக் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பிணைப்புத் தளர்ந்த புரதம் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கல்லில் இருந்து எடுத்த பேட்டி (பன்னுக்குள் வைக்கும் கட்லெட்) மேல் வைத்த உடனே ஸ்லைஸ் நெய் கக்காமல் மெத்தென்று படிவது இதனால்தான். முதிர்ந்த செடாரை அப்படியே வைத்தால் பன்னின் அடிப்பாகம் எண்ணெயில் ஊறிவிடும். கடைக்காரனாகச் சொல்கிறேன், பர்கருக்குப் பிராசஸ்டு சீஸே பொருத்தம்.

இது நேற்று வந்த தில்லுமுல்லும் இல்லை. 1911-ல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சிட்ரேட் சேர்த்துச் சீஸை உருக்கிக் காட்டினார்கள். தூர தேசங்களுக்கு அனுப்பும் சீஸ் வழியில் கெடாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. 1916-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அவருடைய டின் சீஸ் போனது. அமெரிக்கச் சட்டப்படி பிராசஸ்டு சீஸில் இந்த உருக்கும் உப்பு 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குக் கீழே "சீஸ் ஃபுட்" என்று ஒரு படி, அதில் குறைந்தது 51 சதவீதம் சீஸ் இருக்க வேண்டும். அதற்கும் கீழே வேறு பெயர்களில் விற்பவை உண்டு. அங்கே மெக்டொனால்ட்ஸ் வைப்பது "அமெரிக்கன் சீஸ்" எனப்படும் பிராசஸ்டு சீஸ். 2018-ல் அதிலிருந்து செயற்கைப் பதப்படுத்தியை நீக்கியதாக அறிவித்தார்கள்.

நம் ஊருக்கு வாருங்கள். இந்திய மெக்டொனால்ட்ஸுக்குப் பல காலமாகச் சீஸ் ஸ்லைஸ் அனுப்பியது மகாராஷ்டிராவின் பாராமதியில் இருந்த டைனமிக்ஸ் பால் ஆலை. (நான் வேலை பார்த்தது வேறு இடம், ஆள் பிடிக்க எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.) "நாங்கள் பர்கர் கடைச் சீஸ் எல்லாம் தொடமாட்டோம், வீட்டில் அமுல்தான்" என்பவர்கள் அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சீஸ், சோடியம் சிட்ரேட், உப்பு, சிட்ரிக் அமிலம், அன்னாட்டோ (ஒரு விதையில் இருந்து எடுக்கும் மஞ்சள்) நிறம் என்று போட்டிருக்கும். அதுவும் பிராசஸ்டு சீஸ், நல்ல சீஸ். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான ஐ.என்.எஸ். எண் 331 என்று போட்டிருந்தால் அது சிட்ரேட், 339 என்றால் பாஸ்பேட், அதுவும் ஒரு உருக்கும் உப்பு. எண்ணைப் பார்த்ததும் விஷம் என்று அலற வேண்டியதில்லை.

"அப்போ தினமும் தின்னலாமா?" என்று கமெண்டில் கேட்க ஒருவர் தயாராக இருப்பார். வேண்டாம். உப்பு அதிகம். ஒரு ஸ்லைஸிலேயே 200 மில்லிகிராமுக்குப் பக்கமாகச் சோடியம் வந்துவிடும், பெரியவர்களுக்கு நாளைக்கு 2000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.பி. இருப்பவர்கள் கணக்குப் பார்த்துச் சாப்பிடுங்கள். நான் எந்தக் கம்பெனிக்கும் வக்காலத்து வாங்கவில்லை.

லைட்டர் வீடியோவுக்கும் ஒரு வார்த்தை. ஸ்லைஸை நெருப்பில் காட்டுகிறார்கள், சொட்டாமல் கறுக்கிறது, உடனே "பார்த்தீர்களா, பிளாஸ்டிக்". கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் இருக்கத்தானே சிட்ரேட் போட்டோம், அப்புறம் எப்படிச் சொட்டும்? அந்தக் கறுப்பில் பாதி லைட்டர் நெருப்பின் கரி. அதே ஸ்லைஸை மூடி போட்ட கல்லில் வைத்து வீடியோ எடுத்தால் அழகாக உருகும், ஆனால் அதை யாரும் ஃபார்வர்டு செய்யமாட்டார்கள்.

சரி, உஷாராக இருக்க வேண்டிய சரக்கு. அனலாக். பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் போன்ற தாவர எண்ணெய், ஸ்டார்ச், கொஞ்சம் பால் புரதம் அல்லது அதுவும் இல்லாமல், மேலே சீஸ் வாசனை. நான் கடை திறந்த புதிதில் ஒரு ஏஜென்ட் தம்பி வந்தான். நல்ல பையன், மரியாதையாகப் பேசுவான். பையில் இருந்து ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து மேசையில் வைத்தான்.

"அண்ணா, நீங்க வாங்கறதுல பாதி விலை. இழுத்தா நூல் மாதிரி வரும். கஸ்டமர் ஒருத்தருக்கும் தெரியாது. இந்த ரோட்டுலயே நிறையப் பேரு இதைத்தான் போடறாங்க."

பாக்கெட்டில் "பீட்ஸா டாப்பிங்" என்றுதான் இருந்தது, சீஸ் என்ற வார்த்தையே இல்லை. சட்டப்படி போடவும் முடியாது. பால் அல்லாத பொருளை வைத்துப் பாலின் பாகத்தை மாற்றிவிட்டு அதைப் பால் பொருள் என்று விற்கக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. ஆலைக்காரன் பாக்கெட்டில் சரியாகத்தான் போடுகிறான். பாக்கெட்டைப் பிரித்துப் பன்னுக்குள் வைத்த பிறகு மெனு கார்டில் "எக்ஸ்ட்ரா சீஸ்" என்று மாறிவிடுகிறது பாருங்கள், தப்பு நடக்கும் இடம் அது.

அந்தத் தம்பி முன்னாலேயே இரண்டையும் கல்லில் போட்டேன். ஒரு பக்கம் என் ஸ்லைஸ், ஒரு பக்கம் அவன் கட்டியின் துருவல். சூட்டில் அவனுடையது நன்றாகவே இழுத்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் தட்டில் எடுத்து வைத்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். என்னுடையது ஆறிய பிறகும் மெத்தென்று இருந்தது, புளிப்பும் பால் மணமும் அப்படியே. அவனுடையது இறுகி மேலே வெள்ளையாகப் படிந்திருந்தது. வாயில் போட்டால் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறது. அவனையே ருசி பார்க்கச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் கட்டியைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்ணா, பேப்பர் கப்பு ஏதாச்சும் வேணும்னா கூப்பிடுங்க" என்று கிளம்பிவிட்டான். இன்றும் என்னிடம் பேப்பர் கப் போடுவது அவன்தான்.

2023 கடைசியில் மகாராஷ்டிராவின் அகமத்நகரில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் மாநில உணவுத் துறை சோதனை போட்டு, சில உணவுகளில் சீஸுக்குப் பதில் மாற்றுப் பொருள் இருக்கிறது, அதை வாடிக்கையாளருக்குச் சொல்லவில்லை என்று உரிமத்தை நிறுத்தி வைத்தது. சில உணவுகளின் பெயரில் இருந்து "சீஸ்" போனது. 2024 பிப்ரவரியில் செய்தி நாடெங்கும் பரவியபோது, மேற்கிலும் தெற்கிலும் அந்தக் கடைகளை நடத்தும் வெஸ்ட்லைஃப் நிறுவனம் தாங்கள் நிஜச் சீஸ்தான் பயன்படுத்துகிறோம் என்று மறுத்தது, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதை உறுதி செய்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதிகாரிகள் அங்கே கேட்டது பிராசஸ்டா இல்லையா என்ற கேள்வியை அல்ல, பாலா எண்ணெயா என்ற கேள்வியை. நீங்களும் அதைத்தான் கேட்க வேண்டும்.

இதில் எனக்குக் கோபம் வருவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. என் அப்பா இன்றும் விடிவதற்கு முன்னால் எழுந்து கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். ஒரு கிலோ செடாருக்குச் சுமார் பத்து லிட்டர் பால் வேண்டும். ஒரு கடைக்காரன் ஒரு கிலோ சீஸுக்குப் பதில் எண்ணெய்க் கட்டியை வைத்தால், அந்தப் பத்து லிட்டருக்கு வாங்க ஆள் இல்லை. கொழுப்பு கொஞ்சம் குறைந்தால் சொசைட்டியில் அப்பாவுக்கு விலையைக் குறைத்துவிடுகிறார்கள். பால் கொழுப்பே இல்லாத கட்டி சீஸ் விலைக்குப் பன்னுக்குள் போகிறது, அதை அளந்து பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. தீவனம் விலை என்ன, ஒரு மாட்டுக்கு டாக்டர் வந்து போனால் என்ன ஆகிறது என்று பால் ஊற்றும் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

ஃபுட் டெலிவரி ஆப்களையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு ஆர்டரிலும் கணிசமாகக் கமிஷன் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் "ஒன்று வாங்கினால் ஒன்று" ஆஃபரில் சேரச் சொல்லிப் போன் மேல் போன். நிஜச் சீஸ் வைக்கும் சின்னக் கடைக்காரன் எங்கே போவான்? என் பக்கத்துக் கடைக்காரர் அனலாக்குக்கு மாறியது அந்த ஆஃபரில் சேர்ந்த மாதத்தில்தான். அவரை நான் திட்டமாட்டேன், வாடகையும் கரண்ட் பில்லும் எனக்கும் வருகிறது.

கடையில் கேட்கும்போது "இது நிஜ சீஸா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பொருள்கள் எடை வரிசையில் எழுதியிருக்கும். முதலில் சீஸ் என்று இருந்தால் வாங்கிக் கொடுங்கள். தண்ணீருக்குப் பின்னால் உடனே பாமாயில் அல்லது தாவர எண்ணெய் என்று வந்தால், அந்த "எக்ஸ்ட்ரா சீஸ்" காசை மிச்சம் பிடித்துக்கொண்டு சாதாரண பர்கரை வாங்குங்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில்.