அம்மா காதால் பார்த்த படங்கள்

கேள்வி: சமீபத்தில் என்னென்ன படம் பார்த்தீர்கள்? பிடித்ததா இல்லையா, மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

நான் பார்த்தேன், அம்மா கேட்டார். அதனால் இந்தப் பதிலில் பாதி அம்மாவுடையது.

போன மாதம் மன்னார்குடியிலிருந்து அம்மாவைச் சென்னைக்கு அழைத்துவந்து வலது கண்ணில் கேட்ராக்ட் ஆபரேஷன் செய்தோம். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாயிற்று. தலைக்கு ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, குனிந்து கனம் தூக்கக் கூடாது, வேளா வேளைக்குச் சொட்டு மருந்து. டிவி? தாராளமாகப் பார்க்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் கீழ் வீட்டு மாமி நலம் விசாரிக்க வந்தவர், "பத்து நாளைக்கு டிவி பக்கமே திரும்பாதீங்கோ, கண்ணுல தண்ணி கோத்துக்கும்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. "டாக்டர் அவர் பாட்டுக்குச் சொல்லுவார்டி. கண்ணு என்னுதுல்ல?"

கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியை பால்கனிப் பக்கம் திருப்பி, டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார். "நீ போட்டுப் பாரு, நான் கேட்டுக்கறேன்."

இதில் அவருக்குப் பழக்கம் உண்டு என்பது எனக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. ஒலிச்சித்திரம் ஞாபகம் இருக்கிறதா? முழுப்படத்தின் வசனத்தையும் பாட்டையும் வெட்டிச் சுருக்கி ரேடியோவில் போடுவார்கள். தியேட்டருக்கு அனுப்பாத வீட்டுப் பெண்களுக்கு அதுதான் சினிமா. அம்மா 'திருவிளையாடல்' படத்தின் தருமி வசனத்தை முழுசாக ஒப்பிப்பார். நாகேஷின் முகத்தைத் திரையில் பார்த்தது கல்யாணத்துக்கு அப்புறம்தானாம். நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது 'விதி' படத்தின் கோர்ட் வசனம் கேசட்டாக வந்து டீக்கடை, கல்யாண வீடு எல்லாவற்றிலும் அலறியது. அதையும் அம்மா படமாகப் பார்த்ததில்லை, பாடமாகவே தெரியும்.

ஆகப் பத்து நாள், ஐந்து படம். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஆனாலும் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருத்தருக்காக ஓடவிடும்போது படம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

முதலில் 'மெய்யழகன்'. பிரேம்குமார் எடுத்து 2024 செப்டம்பரில் வந்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன ஒருத்தர், இருபது சொச்சம் வருஷம் கழித்துத் தங்கச்சி முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒருத்தன் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். யார் என்றே தெரியவில்லை. பெயரைக் கேட்கவும் கூச்சம். அதுதான் கதை. மன்னார்குடிக்காரிக்கு நீடாமங்கலம் என்றால் பக்கத்துத் தெரு மாதிரி, ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. பெயரைக் கேட்டதுமே அம்மா நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார்.

கார்த்தி பேசப் பேச அம்மா பதில் சொல்லிக்கொண்டே வந்தார். "ஆமாம்", "அப்படித்தான்", "சாப்பிடச் சொல்லுடா முதல்ல". படம் முழுக்க அந்த ஆள் பேசிக்கொண்டே இருப்பதால் கண் தேவைப்படவில்லை. முக்கால் மணி நேரம் போனதும் கேட்டார்: "ஏண்டி, அந்த அத்தான் வாயே தொறக்க மாட்டானா?"

எனக்குச் சுரீரென்றது. படத்தில் பாதி அரவிந்த்சாமியின் முகம்தான். இவன் கொட்டிக்கொண்டே இருக்கிறான், அந்த மனுஷன் வாங்கிக்கொண்டே இருக்கிறார். அந்த வாங்குவதற்குச் சத்தம் இல்லை. நீ விட்டுப்போன சைக்கிளை வைத்துத்தான் எங்கள் குடும்பம் தலையெடுத்தது என்று இவன் சொல்கிற இடத்தில் அம்மா மூக்கை உறிஞ்சினார். அதே இடத்தில் எதிரே இருப்பவர் முகத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கல்யாண மேடையில் தங்கச்சிக்கு நகை போட்டுவிடும் காட்சியும் அப்படியே. பேச்சு குறைவு, இசையும் விசும்பலும்தான். "என்னடி நடக்குது?" என்றார். "கொலுசு போட்டு விடறார்மா" என்றேன். "யாரு, அண்ணனா? கீழ உக்காந்தா?" "ஆமாம்." அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை இருந்தது, நீளம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாக வந்து, வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். தியேட்டரில் முழு வடிவத்தைப் பார்த்தபோது ஜல்லிக்கட்டு, கரிகாலன் என்று இரவு முழுக்க நீளும் பேச்சில் நான் போனை எடுத்து மணி பார்த்தேன். வெட்டியது சரி என்றே இதுவரை சொல்லிவந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து சொந்தக்காரன் பேசுகிற பேச்சில் பாதி தேவையில்லாததாகத்தான் இருக்கும். அந்தப் பாதியை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் விஷயம் மட்டும்தானே.

மறுநாள் 'லப்பர் பந்து'. அதே மாதம், ஒரு வாரம் முன்னால் வந்த படம். தமிழரசன் பச்சமுத்து இயக்கம். ஊர் மேட்ச்சில் கெத்து என்று பெயரெடுத்த நடுவயது ஆள் தினேஷ், அவரை வம்பிழுக்கும் இளவட்டம் ஹரிஷ் கல்யாண், காதலிக்கிற பெண்ணின் அப்பாவே அந்தக் கெத்து என்று இவருக்குத் தெரியவருகிற சிக்கல். அம்மாவுக்குக் கிரிக்கெட்டும் தெரியாது, ரப்பர் பந்தும் தெரியாது. ஓடாது என்று நினைத்துத்தான் போட்டேன். 'பொட்டு வச்ச தங்கக் குடம்' பாட்டு வந்ததும், "விஜயகாந்த் படமாடி?" என்று திரும்பப் போனவர், மாமியை நினைத்துக் கழுத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அது 1989-ல் வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு. அதற்கப்புறம் அந்தப் பாட்டு கேட்டாலே "கெத்து வந்துட்டான்" என்பார். அது போக, மைதானத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருப்பான் இல்லையா, ஊர் மேட்ச் என்றால் அது இல்லாமல் ஏது. காதால் பார்க்கிறவருக்கு அவன்தான் கண். அம்மா ஒரு விக்கெட்டையும் தவறவிடவில்லை.

நான் வியந்தது வேறு இடத்தில். நன்றாக ஆடுகிறவனை ஒரு டீமில் சேர்த்துக்கொள்ளாமல் ஏதேதோ சாக்கு சொல்வார்கள். சாதி என்ற சொல்லே அநேகமாக வாயில் வராது, எல்லாம் பார்வையிலும் மழுப்பலிலும் நடக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கே இரண்டு காட்சி தள்ளித்தான் புரிந்தது. அம்மா திரையைப் பார்க்காமலே, "சேத்துக்க மாட்டேங்கறானுவோ, அதானே?" என்றார். குரல் தணிகிற விதத்திலேயே பிடித்துவிட்டார். ஊரில் அறுபது வருஷம் கேட்டுப் பழகிய காது.

கெத்துவின் மனைவியாக வரும் ஸ்வாசிகாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். புருஷன் ஒளிந்து ஒளிந்து கிரிக்கெட் ஆடப் போகிறான், இவர் அதட்டுகிற குரலில் கோபம் முக்கால், பெருமை கால் பங்கு. சமீபத்தில் ஒரு மனைவி பாத்திரத்தை இவ்வளவு ஒழுங்காக எழுதி நான் பார்க்கவில்லை.

'குடும்பஸ்தன்' பற்றிச் சுருக்கமாக. மணிகண்டன் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் கடனுக்கு மேல் கடன் வாங்குகிற கதை, கோயம்புத்தூர்ப் பேச்சு. அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்த அளவுக்கு வயிற்றையும் கலக்கியது. இ.எம்.ஐ. கட்டுகிறவர்கள் மாதக் கடைசியில் இதைப் பார்க்க வேண்டாம்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025 மே) போட்ட அன்று அம்மா முகமே மாறிவிட்டது. இலங்கையில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் ஒரு குடும்பம் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறது. வாயைத் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும், அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். கேட்பதற்கென்றே அமைந்த கதை. சசிகுமாரும் சிம்ரனும் பேசத் தொடங்கியதும், "சிலோன் ரேடியோ மாதிரி இருக்குடி" என்றார். டெல்டா பக்கம் இலங்கை வானொலி அவ்வளவு தெளிவாகக் கேட்கும். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் அம்மா ஏதோ சொந்தக்காரர் மாதிரிதான் பேசுவார். படத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ரேடியோ கதை ஓடியது, அதுவே தனிப் படம்.

படத்தைப் பற்றி என் கருத்து: மனசு நிறைகிறது, ஆனால் சர்க்கரை தூக்கல். அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஒரு சோகமும் ஒரு நல்ல மனசும் சரியாக அளந்து வைத்தாற்போல் இருக்கிறது. வாடகைக்கு வீடு தேடி அலைந்த யாருக்கும் அப்படி ஒரு தெருவை நம்புவது கஷ்டம். அம்மாவிடம் சொன்னேன். "படத்துலயாவது இருந்துட்டுப் போவட்டுமே" என்றார்.

கடைசியாகக் 'கொட்டுக்காளி'. இதைப் போட்டது என் தப்பு, ஆனால் அதிகம் யோசிக்க வைத்ததும் இதுதான். 'கூழாங்கல்' எடுத்த வினோத்ராஜின் அடுத்த படம். வேறு சாதிப் பையனைக் காதலிக்கிற மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, குடும்பமே ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் ஒரு சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. கட்டிக்கொள்ளப்போகிற மாமன் பாண்டி, சூரி. பின்னணி இசை கிடையாது. மீனாவாக நடித்த அன்னா பென் அநேகமாகப் பேசுவதே இல்லை.

பத்து நிமிஷத்தில் அம்மா கேட்டார்: "படம் ஓடுதா, நிறுத்திட்டியா?"

ஓடுகிறது என்றேன். ஆட்டோ சத்தம், சேவல் கொக்கரிப்பு, சூரியின் கட்டிப்போன தொண்டை. "இவனுக்கு என்ன, தொண்டையில புண்ணா?" நான் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். கண் தெரியாதவர்களுக்காகக் காட்சியை வாயால் விவரிக்கும் ஒலித்தடம் வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு திரையரங்குகளுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டதைப் படித்திருக்கிறேன். அந்த வேலை எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எதைச் சொல்வது, எதை விடுவது?

ஒரு காட்சி. வழியில் எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் பழைய பாட்டு கேட்கிறது. ஆட்டோவில் இருக்கும் மீனாவின் உதடு அந்தப் பாட்டோடு சேர்ந்து மெல்ல அசைகிறது. பக்கத்தில் பைக்கில் வரும் பாண்டி அதைப் பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான், இறங்கிவந்து அவளையும் தடுக்க வந்த எல்லாரையும் அடித்து நொறுக்குகிறான். அம்மாவின் காதில் விழுந்தது என்ன? இனிமையாக ஒரு பாட்டு, அப்புறம் திடீரென்று அலறல். "ஐயோ, என்னடி ஆச்சு? ஆக்சிடெண்டா?"

"இல்லம்மா. அவ பாட்டு முணுமுணுத்தா, அதுக்கு அடிக்கிறான்."

"எனக்குக் கேக்கலையே?"

"சத்தமா பாடலம்மா. உதடு அசைஞ்சுது."

"அதுக்கா?"

அதுக்குத்தான். நான் முதல் தடவை பார்த்தபோது அதை ஒரு நல்ல ஷாட் என்று நினைத்துக் கடந்துபோனேன். அம்மாவிடம் வாயால் சொல்ல வேண்டி வந்தபோதுதான், ஒரு பெண் சத்தமில்லாமல் உதடு அசைத்ததற்கு அடி என்று ஒரே வாக்கியமாக அது வந்து விழுந்தது. முடிவையும் படம் திறந்தே விட்டுவிடுகிறது. "அப்புறம்?" என்றார். அவ்வளவுதான் என்றேன். "இது என்ன படம், நடுவுல நிறுத்திட்டு" என்று முணுமுணுத்தவர், ராத்திரி சொட்டு மருந்து விடும்போது மல்லாந்து படுத்தபடி, "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் ஒண்ணும் சொல்லலையா?" என்று மறுபடி கேட்டார்.

பதினோராம் நாள், மாமியின் கெடு முடிந்தது. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நாற்காலியை அவரே டிவி பக்கம் திருப்பினார். எதைப் போடட்டும் என்றேன். "நம்ம நீடாமங்கலத்தப் போடு."

அரவிந்த்சாமியை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்ட படத்தில் அந்த அத்தான் ஒல்லியாக, மீசையோடு இருந்தாராம். கார்த்தி மட்டும் கிட்டத்தட்டச் சரியாம். மேடைக் காட்சியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, இமைக்காமல் பார்த்தார். பிறகு சைக்கிள் வந்தது. நிறுத்தச் சொன்னார்.

"இதுவா அந்தச் சைக்கிள்?"

"ஆமாம்மா."

"நான் பச்ச ராலேன்னுல்ல நெனச்சேன். பின்னாடி பெரிய கேரியர் வச்சு."

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், அப்பா போன பிறகு யாரும் தொடாமல் சுவரோடு சாய்ந்து நிற்பது அதுதான். சொல்லத் தோன்றவில்லை. "போடட்டுமா?" என்றேன். "போடு, போடு" என்றார்.