கருத்து ஒத்துவராத ஊரில் குடியேறலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நானும் என் கணவரும் இந்த வருடத்தோடு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறோம். என் தங்கை குடும்பம் இருக்கும் நகரத்துக்கே போய்விடலாம் என்று ரொம்ப நாளாக ஒரு நினைப்பு. நல்ல மருத்துவமனை இருக்கிறது, அந்த ஊர் வெயில் என் மூட்டுவலிக்கு ஒத்துக்கொள்கிறது, எங்கள் ஓய்வூதியத்தில் கையைக் கடிக்காமல் வாழலாம். தடை ஒன்றுதான். அந்த ஊரின் அரசியல் எங்களுடையதற்கு நேர் எதிர். ஓட்டுக் கணக்கு மட்டுமில்லை. சுவரொட்டி, அக்கம்பக்கத்துப் பேச்சு, வாட்ஸப்பில் வருவது எல்லாமே அப்படித்தான். நான் இளம் வயதிலிருந்தே பொது வேலைகளில் இறங்கிப் பழகியவள். வாயைக் கட்டிக்கொண்டு இருக்க எனக்கு வராது. என் கணவரோ, "ஊரோடு ஒத்துப் போய்விட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை, இந்த வயதில் யாரோடு என்ன வாதம்?" என்கிறார். கடைசிக் காலத்தில் அந்நியப்பட்டுப் போவோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் அங்கே போகலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் நியாயமானது. 'இந்த வயதில் அரசியல் எதற்கு, மூட்டை கட்டி வையுங்கள்' என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. பொது வேலையில் பழகியவருக்கு அரசியல் ஓட்டுச் சாவடியோடு முடிகிற சமாசாரம் இல்லை. யாரை நம்பலாம், எதைக் கண்டால் மனம் பொறுக்காது, எதைச் சொல்லிச் சேர்ந்து சிரிக்கலாம் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

இருந்தாலும், போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சில நிபந்தனைகளோடு.

முதல் நிபந்தனை கறாரானது. அந்த ஊர் உங்கள் கருத்துக்கு எதிரானதா, இல்லை உங்களுக்கே எதிரானதா என்று பாருங்கள். உங்கள் மதம், மொழி, பிறப்பு, நிறம் ஆகியவற்றை வைத்து வீடு தர மறுப்பார்கள், புகார் கொடுக்கப் போனால் அலைக்கழிப்பார்கள் என்ற நிலை இருந்தால், தங்கை இருந்தாலும் போக வேண்டாம். இளமையில் இதையெல்லாம் எதிர்த்து நிற்கலாம். வயதாக ஆக, அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். அவசர சிகிச்சைப் பிரிவில் நம் பெயரைக் கேட்டு எழுதுபவர் முகம் சுளித்தால் அந்த நேரத்தில் நம்மால் என்ன செய்ய முடியும்? உங்கள் கடிதத்தைப் படித்தவரை உங்களுக்கு அந்த நிலை இல்லை. கருத்து வேறுபாடுதான்.

அடுத்தது சட்டம். ஊர்க்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதைவிட, ஆட்சியில் இருப்பவர்கள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அரசு மருத்துவமனை எப்படி நடக்கிறது, வாடகைக்கு இருப்பவருக்கு என்ன பாதுகாப்பு, பேருந்து ஒழுங்காக ஓடுகிறதா, ஓய்வூதியத்துக்கு வரி உண்டா. இது கடைசி மூச்சுவரை வரும் விஷயம். அமெரிக்காவில், தீராத நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர் மருத்துவர் உதவியோடு தன் முடிவைத் தேர்ந்துகொள்வதை ஓரிகன் மாநிலம் 1997 முதல் அனுமதிக்கிறது. பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. அதை நாம் ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு, எந்த ஊரில் இருக்கிறோம் என்பது அதைத் தீர்மானித்துவிடுகிறது. இன்னொன்று, நகரமும் மாநிலமும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்றில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினே மாநிலத்துக்கு எதிர்ப்பக்கம் ஓட்டுப் போடுகிற நகரம்தான். உங்கள் வாழ்க்கையைத் தொடும் சட்டங்களை யார் போடுகிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவை இரண்டும் சரி என்றால் மீதி இருப்பது அன்றாடம். நகரத்தைப் பற்றி நமக்குத் தெரிவது செய்தியும் தேர்தல் முடிவும். வாழப்போவதோ ஒரு தெருவில், ஒரு மாடியில். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவரோடு இரண்டு ஆய்வாளர்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்தில் கல்யாணமான மாணவர்கள் குடியிருந்த வீடுகளில் நடத்திய ஆய்வு 1950-ல் வெளியானது. ஒரே மாடியில் இருப்பவர்களில் அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். இரண்டு கதவு தள்ளி இருந்தவருக்கு அது 22. மாடியின் மறு கோடியில் இருந்தவருக்கு வெறும் 10. அவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள், ஒரே மாதிரி வாழ்க்கை; அதனால் அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் சில அடி தூரம் அவ்வளவு வித்தியாசம் செய்திருக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது தண்ணீரும் வெளிச்சமும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பக்கத்து இரண்டு கதவையும் தட்டி, பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். அப்புறம், தங்கை வீடு நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். வண்டி பிடித்துப் போக வேண்டும் என்றால், மூட்டுவலியோடு எத்தனை நாள் போவீர்கள்?

உங்கள் கணவரின் யோசனையில்தான் எனக்கு உடன்பாடில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், ஓய்வுக்குப் பின் மகன் இருக்கும் ஊருக்குப் போனார். காலை நடைக்குப் பூங்காவுக்குப் போவார். அங்கே ஏற்கனவே ஒரு குழு இருந்தது. வந்த சூட்டிலேயே இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். சர்க்கரை மாத்திரையிலிருந்து பேரப்பிள்ளைகள் படிப்புவரை பேச்சு. ஒருநாள் அது அரசியலுக்குத் திரும்பியது. இவர் மிகவும் மதிக்கும் ஒரு தலைவரை ஒருவர் கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்துவைத்தார். புதிதாக வந்தவர், வேறென்ன செய்வார்? இவரும் நம்ம ஆள்தான் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாளிலிருந்து இன்னும் தாராளமாகப் பேசி, தோளைத் தட்டி, "நீங்களே சொல்லுங்க சார்" என்றார்கள். முதல்நாள் சிரித்தவர் இப்போது எப்படி மறுப்பது? கொஞ்ச நாள் தலையாட்டினார். பிறகு, வெயில் ஏறி அவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நடக்க ஆரம்பித்தார். இன்றும் தனியாகத்தான் நடக்கிறார். அந்தக் குழுவில் ஒருவரும் அவரிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ஏன் வருவதில்லை என்றே அவர்களுக்குத் தெரியாது. எனக்கு இதை நினைத்தால் மனம் கனத்துப் போகிறது.

எலிசபெத் நோயல்-நாய்மன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1974-ல் இதை மௌனச் சுழல் என்று விளக்கினார். தாங்கள் சிறுபான்மை என்று நினைப்பவர்கள் பேசாமல் இருப்பார்கள். அதனால் அந்தப் பக்கம் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். அதைப் பார்த்து இன்னும் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். உங்கள் பக்கம் நூற்றுக்கு முப்பது ஓட்டு வாங்கித் தோற்கும் ஊர் என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டுப் போட வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் மூன்று பேர் உங்கள் ஆட்கள். பூங்காவில் அன்று சிரித்தவர்களிலும் ஒன்றிரண்டு பேர் நம் நண்பரைப் போலவே சிரித்துவைத்தவர்களாக இருந்திருக்கலாம். அவர்களுக்கும் அவரைத் தெரியாமல் போய்விட்டது.

அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனையைச் சொல்ல வேண்டும். கோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அறையில் மற்ற எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு தவறான கோட்டைக் காட்டுவார்கள். விஷயம் தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்கள், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவை, கண்ணெதிரே தெரிவதை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். சரியாகச் சொல்லும் ஒரே ஒரு ஆள் கூட இருந்தபோது அந்தத் தவறு முன்பு இருந்ததில் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த ஆள் பாதியில் பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்தபோது தவறு மறுபடி ஏறிவிட்டது. ஆகவே ஒருவர் போதும், ஆனால் ஒருவரையே நம்பி இருக்கவும் கூடாது. நம் வயதில் நண்பர்கள் பிள்ளைகளோடு ஊர் மாறுவார்கள், படுத்துவிடுவார்கள், இறந்தும் போவார்கள். இரண்டு மூன்று பேரையாவது தேடிக்கொள்ளுங்கள்.

அதற்கு வழி, முதல் தடவையே சொல்லிவிடுவது. பேச்சு வந்ததும், "எனக்கு இதில் வேறு கருத்துங்க" என்று ஒரு வரி. முகம் கோணாமல், விளக்கம் கொடுக்காமல், அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். யாராவது ஒருவர் விலகிப் போகலாம், போகட்டும். மற்றவர்கள் உங்களை வைத்துக்கொண்டு பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுவார்கள். ஒளிந்திருக்கும் உங்கள் ஆள் அன்று மாலையோ மறுநாளோ தனியாக வந்து பேசுவார். இதைக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் மட்டும் செய்யாதீர்கள். நேரில் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியது எழுத்தில் சண்டையாக விழும்.

நம்மைப் போன்றவர்களே நிறைந்த ஊராகப் பார்த்துப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2005-ல் காஸ் சன்ஸ்டீன் என்ற சட்ட அறிஞரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். இடதுசாரிச் சாய்வுள்ள போல்டர் நகரத்தார் தங்களுக்குள், வலதுசாரிச் சாய்வுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ்காரர்கள் தங்களுக்குள், ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாக உட்கார்ந்து பருவநிலை ஒப்பந்தம் உள்ளிட்ட சில விஷயங்களைப் பேசினார்கள். பேசி எழுந்தபோது இரு பக்கமும் முன்பைவிடத் தீவிரமாகியிருந்தது. குழுவுக்குள் முதலில் இருந்த சின்னச் சின்ன வேறுபாடுகளும் அடங்கிப் போயிருந்தன. கருத்தில் உறுதி நல்லதுதான். ஆனால் இருபது வருடம் ஒரே குரலைக் கேட்டு இறுகிப் போன முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன், சொந்தப் பேரப்பிள்ளை மாற்றுக் கருத்து சொன்னாலே அவர்களால் தாங்க முடிவதில்லை.

உங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டயானா மட்ஸ் என்ற அரசியல் ஆய்வாளர் 2002-ல் காட்டியபடி, இரு பக்கமும் பழக்கம் உள்ளவர்கள் எதிர்த்தரப்பின் நியாயத்தை நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். அதேசமயம் அரசியல் வேலைகளில் இறங்கத் தயங்கவும் செய்கிறார்கள். பழகிய மனிதர்களைச் சங்கடப்படுத்த மனம் வருவதில்லை. நீங்கள் அந்நியப்படுவதைவிட, மெல்ல மெல்ல ஓய்ந்துபோவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். போன முதல் மாதத்திலேயே அங்கே உங்கள் பக்கத்து அமைப்பு எது இருக்கிறதோ அதன் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். தோற்கும் ஊரில் அவர்கள் பத்துப் பேராக இருப்பார்கள். உங்கள் அனுபவத்துக்கு அங்கே மதிப்பு அதிகம், வேலையும் அதிகம்.

இருக்கும் வீட்டை உடனே விற்க வேண்டாம். ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த வருடத்துக்குள் ஒரு தேர்தல் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்த் தேர்தலாக இருந்தாலும் சரி. சாதாரண நாளில் எல்லா ஊரும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் தங்கை எந்தப் பக்கம் என்று கடிதத்தில் எங்கும் சொல்லவில்லை. அந்த ஊரிலேயே குடும்பமாக இருப்பவர், அவரும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது அங்கே இத்தனை நாள் தனியாகத் தாக்குப்பிடித்துக்கொண்டு இருக்கலாம். முதலாவது என்றால் அக்கம்பக்கத்தைவிட அவரோடுதான் நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டாவது என்றால் உங்களுக்குத் தேவையான முதல் ஆள் கையிலேயே இருக்கிறார். வீடு தேடுவதற்கு முன்னால் அவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.