கருந்துளை பத்தி நீங்க கேட்டது

கேள்வி: கருந்துளைலேர்ந்து வெளிச்சமே வெளிய வராதுங்கறாங்க. அப்புறம் எப்படி அதை கண்டுபிடிக்கறாங்க?

பதில்: அதுலேர்ந்து ஒண்ணும் வராதுதான், ஆனா பக்கத்துல இருக்கற நட்சத்திரம் சும்மா இருக்காதே, கருந்துளை மாட்டிக்கிறது அதுனாலதான். 1964ல ராக்கெட்ல எக்ஸ்ரே டிடெக்டர் வச்சு அனுப்பினப்ப சிக்னஸ் நட்சத்திரக் கூட்டத்துல ஏதோ ஒண்ணு பலமா எக்ஸ்ரே விடறது தெரிஞ்சுது, அதுதான் சிக்னஸ் எக்ஸ்-1. அப்புறம் 1971-72 வாக்குல அதே எடத்துல இருக்கற பெரிய நீல நட்சத்திரம் ஒண்ணு, கண்ணுக்கே தெரியாத எதையோ 5.6 நாளைக்கு ஒரு தடவ சுத்துதுன்னு வெப்ஸ்டர், மர்டின்னு ரெண்டு வானியலாளருங்க கண்டுபிடிச்சாங்க, தனியா போல்ட்டன்ன்ற இன்னொரு வானியலாளரும் அதையே சொன்னார். சுத்தற வேகமும் காலமும் தெரிஞ்சா கூட இருக்கறது எவ்ளோ எடைன்னு கணக்கு போட்டுடலாம். நியூட்ரான் நட்சத்திரம்னா, அதாவது பெரிய நட்சத்திரம் செத்தப்புறம் மிஞ்சற ரொம்ப அடர்த்தியான உருண்டைன்னா, சூரியனைப் போல மிஞ்சிப்போனா மூணு மடங்குதான் தாங்கும், அதுக்கு மேல போனா நசுங்கிடும், இதுவோ அதைத் தாண்டிடுச்சு, இப்போதைய கணக்குல கிட்டத்தட்ட 21 மடங்கு! எக்ஸ்ரே வர்றது கருந்துளைலேர்ந்து இல்ல, அது அந்த நட்சத்திரத்துகிட்டேர்ந்து உருவிக்கிட்ட வாயு உள்ள விழறதுக்கு முன்னாடி வெளியவே சுழன்று உராஞ்சு லட்சக்கணக்கான டிகிரி சூடாகுதுல்ல, அதுலேர்ந்து. இதுல இயற்பியலாளர் ஹாக்கிங், சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளை இல்லன்னு கிப் தோர்ன்ன்ற இன்னொரு இயற்பியலாளர்கிட்ட பெட் கட்டினார், வாழ்நாள் பூரா கருந்துளையப் பத்தியே ஆராய்ச்சி பண்ணின மனுஷன்! 1990ல தோத்ததா ஒத்துக்கிட்டார்.

கேள்வி: 2019ல கருந்துளை போட்டோன்னு வந்த அந்த ஆரஞ்சு வளையம் நிஜ போட்டோவா, கிராஃபிக்ஸா?

பதில்: நிஜ டேட்டா, கலர் மட்டும் நாம போட்டது. ரேடியோ அலைக்கு ஏது கலர்? உலகத்துல பல எடத்துல இருக்கற டெலஸ்கோப்புங்களை ஒரே நேரத்துல எம்87ன்ற கேலக்ஸி பக்கம் திருப்பி 2017ல எடுத்தது. நடுவுல கருப்பா தெரியறது அங்க இருக்கற கருந்துளையோட நிழல்.

கேள்வி: நமக்கு ரொம்ப பக்கத்துல இருக்கறது எது? நம்மள இழுத்துடுமா?

பதில்: இழுக்காது, பயப்படாதீங்க. தூரத்துலேர்ந்து பாத்தா அதே எடை இருக்கற நட்சத்திரத்துக்கு என்ன ஈர்ப்போ அதுதான் இதுக்கும். பக்கத்துல எதுன்றதுலதான் ஒரு கூத்து நடந்துது, 2020ல எச்ஆர் 6819ன்ற எடத்துல 1,000 ஒளியாண்டு தூரத்துலயே ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க, 2022ல திரும்ப பாத்தா அங்க கருந்துளையே இல்ல, ரெண்டு நட்சத்திரம், ஒண்ணோட மேல்பகுதிய இன்னொண்ணு உறிஞ்சிருக்கு, அவ்ளோதான். அதே வருஷம் நட்சத்திரங்களோட இடத்தை துல்லியமா அளந்த கையா சேட்டிலைட் டேட்டாலேர்ந்து நிஜமாவே ஒண்ணு கெடச்சுது, கையா பிஎச்1, சுமார் 1,560 ஒளியாண்டு, சூரியனைப் போல 10 மடங்குக்கு கொஞ்சம் கம்மி எடை. இது எக்ஸ்ரேயும் விடல ஒண்ணும் விடல, கூட இருக்கற நட்சத்திரம் வானத்துல லேசா தள்ளாடறத வச்சே பிடிச்சாங்க. 2024ல அடுத்த டேட்டா வெளியிடறதுக்கு முன்னாடி சரிபாக்கறப்பவே பிஎச்3ன்னு இன்னொண்ணு சிக்கிச்சு, 33 மடங்கு!